காலுக்குக் கீழே ஒரு பெயர்

பெர்லினில் எனக்கு மதம் கிடையாது. காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஜெர்மனியில் எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் இரண்டு வாரத்துக்குள் அரசு அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். 'அன்மெல்டுங்' என்பார்கள். வரி எண், வங்கிக் கணக்கு, விசா நீட்டிப்பு எல்லாம் அந்த ஒரு தாளின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வரும். பெயர், பிறந்த ஊர், திருமணம் ஆனதா இல்லையா எல்லாம் கேட்டு முடித்த பின் படிவத்தில் ஒரு சின்னக் கட்டம்: மதம். சீனியர் ஒருத்தி முன்பே எச்சரித்திருந்தாள். "'கைனெ'ன்னு போட்டுடுடி. கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட்டுன்னு போட்டா நாளைக்கு வேலைக்குப் போறப்ப சம்பளத்துல பிடிப்பாங்க." கைனெ என்றால் எதுவுமில்லை. சர்ச் வரி பெர்லினில் வருமான வரியில் 9 சதவீதம். வரி வசூலிக்கும் உரிமை பெற்ற சமய அமைப்புகளில் எங்கள் ஏரிக்கரை அய்யனார் இல்லை. ஆகவே கைனெ.

போனில் அப்பாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "நாப்பது வருஷமா நான் சொல்லிப் பாத்தேன், உங்க ஆயா கேக்கல. ஜெர்மன்காரன் ஒரே கட்டத்துல முடிச்சுட்டான்."

மதம் போனது உறுத்தவில்லை. பெயர் போனதுதான் வேடிக்கை. நமக்கு ஏது குடும்பப் பெயர்? முன்னெழுத்துதான். பாஸ்போர்ட்டில் அதை விரித்து அப்பாவின் பெயரை அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். அதனால் பல்கலைக்கழகம் முதல் பல் டாக்டர்வரை எல்லாரும் என்னை 'ஃப்ராவ்' (நம் 'திருமதி' மாதிரி) சேர்த்து அப்பாவின் பெயரால் அழைக்கிறார்கள். விழுப்புரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற, சென்னையைத் தாண்டிப் போகாத மனிதர், பெர்லினில் ஒரு பெண்மணியாக உலவுகிறார். கடவுளை நம்பாதவர். பெயர் மட்டும் 'சாமி' என்று முடியும். ஜெர்மன்காரர்கள் வாயில் அந்த 'சாமி' 'ஜாமி' ஆகிவிடும்.

இங்கே அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவெண் கிடையாது. பெயர்தான் எண். தபால்பெட்டியிலும் வாசல் மணிப் பலகையிலும் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வார இறுதியில் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு. மணிப் பலகையில் பெயர் தேடித் தேடியே இந்த ஊரைக் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். எனக்கு அறை வாடகைக்குக் கொடுத்திருக்கும் அம்மா, 1946இல் பிறந்தவர், தன் பெயருக்குக் கீழே அப்பாவின் பெயரைக் கட்டை எழுத்தில் எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டினார். எழுத்து கொள்ளாமல் கடைசி இரண்டும் நசுங்கிப்போயின.

அந்த வாசலில்தான் விஷயம் ஆரம்பித்தது. ஷோனபெர்க்கில், பவேரியக் குடியிருப்பு என்று சொல்லப்படும் பகுதியில், போரில் குண்டுக்குத் தப்பிய சில கட்டடங்களில் ஒன்று எங்களுடையது. அக்டோபர் மாதம், வகுப்பு தொடங்கிய முதல் வாரம். நான் படிப்பது நில அளவையியல். தரையை மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற படிப்பு. ஆனால் வாசல் தரையை அதுவரை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோது, இடதுகாலுக்கு அடியில் எழுத்து தெரிந்தது. பித்தளைத் தகட்டில் வெட்டின எழுத்து. கால் தானாக எகிறியது. கை தானாகத் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. யோசித்துச் செய்யவில்லை. யோசித்திருந்தால் வெட்கப்பட்டு விட்டிருப்பேன்.

பின்னால் வந்த வீட்டுக்கார அம்மா, "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்.

நான்கு தகடுகள் இருந்தன. ஒரே குடும்பப் பெயர். ஒவ்வொன்றும் 'இங்கே வாழ்ந்தார்' என்று தொடங்கி, பெயர், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட தேதி, கடைசியில் 'ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார்'. நான்காவது கல் ஒரு பெண்ணுக்கு. கொண்டுபோனபோது அவளுக்கு என் வயது. அந்தப் பெயர்களை இங்கே நான் எழுதவில்லை. அவை அந்த வாசலுக்கு உரியவை. அங்கே போய், குனிந்து படிக்க வேண்டியவை.

ஷ்டோல்பர்ஷ்டைன் என்று பெயர், இடறுகல். குன்டர் டெம்னிக் என்ற சிற்பி 1992இல் கொலோன் நகரசபைக்கு எதிரே முதல் கல்லைப் பதித்தார். 1996இல் பெர்லின் கிராய்ஸ்பெர்க்கில் அனுமதி கேட்காமலேயே பல கற்களைப் பதித்தார். அனுமதி பிறகுதான் வந்தது. பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் கட்டி, மேலே பித்தளை. நாஜிகள் கொன்ற யூதர்கள், சிந்தி ரோமா மக்கள், அரசியல் எதிரிகள், ஊனமுற்றவர்கள், ஓரினச் சேர்க்கையாளர்கள் எல்லாருக்கும், அவர்கள் கடைசியாக விருப்பப்பட்டு வாழ்ந்த வீட்டு வாசலில். எழுத்துகளை எந்திரம் வெட்டுவதில்லை, ஒவ்வோர் எழுத்தாகச் சுத்தியால் அடிக்கிறார்கள். 2023 மே மாதம் நியூரம்பர்க்கில் ஒரு லட்சமாவது கல் பதிக்கப்பட்டது.

எங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு. ரெனாட்டா ஷ்டீ, ஃப்ரீடர் ஷ்னோக் என்ற இரு கலைஞர்கள் 1993இல் விளக்குக் கம்பங்களில் 80 பலகைகளை மாட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு படம். மறுபக்கம் நாஜிகள் யூதர்மீது போட்ட ஒரு சட்டம். பெர்லின் யூதர்கள் மாலை 4 முதல் 5 மணிக்குள்தான் சாப்பாட்டுச் சாமான் வாங்கலாம் என்கிறது ஒன்று. அந்த வேளையில்தான் நான் முதுகில் சாப்பாட்டுப் பெட்டியோடு அதன் கீழே போவேன். ஆக எங்கள் தெருவில் சட்டம் தலைக்கு மேலே தொங்குகிறது, பெயர் காலுக்குக் கீழே கிடக்கிறது. அதையெல்லாம் படித்த பிறகு அன்மெல்டுங் படிவத்தின் அந்தச் சின்னக் கட்டமும் பழைய மாதிரி சின்னதாகத் தெரியவில்லை. 1939 மே மாதக் கணக்கெடுப்பில், தாத்தா பாட்டி நால்வரில் யார் யார் யூதர் என்று கேட்கத் தனி அட்டை ஒன்று வீடுவீடாகப் போயிருக்கிறது.

எனக்கோ இந்தச் சரித்திரத்துக்கெல்லாம் முன்னால் ஒரு சின்னக் கேள்வி. இறந்தவர் பெயரைக் காலுக்குக் கீழே வைக்கலாமா?

என் கால் ஏன் எகிறியது என்று தெரியும். வீட்டில் புத்தகம் காலில் பட்டால் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், பார்ப்பார். தொட்டுக் கும்பிட்டுவிட வேண்டும். "சாமி இல்லேன்றே, இது மட்டும் என்ன?" என்று ஒருதரம் எதிர்த்துக் கேட்டேன். "இது சாமியில்ல, எழுத்து. எங்கப்பன் காலுக்குச் செருப்பு போட உடாத ஊருல, என் கைக்கு வந்த எழுத்து." தாத்தா ஊர்த்தெரு வழியாகப் போகும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடிந்ததும் போட்டுக்கொள்வாராம். ஆயா இதைக் கோபமில்லாமல், மழைக்காலம் வெயில்காலம் சொல்வதுபோலச் சொல்வாள். காகிதத்தை மிதிக்காதே என்று சொல்லிக்கொடுத்த அதே நாகரிகம்தான் சில கால்களின் அடியில் தோல் இருக்கக் கூடாது என்றும் சொன்னது. கால் இழிவு என்ற ஒரே நம்பிக்கைதான் இரண்டுக்கும் வேர். பாதத்திலிருந்து பிறந்தவர்கள் என்று ஒரு கூட்டத்துக்கே பெயர் வைத்தது அந்த நம்பிக்கை. ஆகவே என் கால் எகிறியதை வைத்து நான் பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை. அந்த அனிச்சையில் அப்பாவின் எழுத்தும் இருக்கிறது, தாத்தாவின் வெறுங்காலும் இருக்கிறது.

என் கேள்வி ஜெர்மனியில் புதிதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. மியூனிக் நகரமன்றம் 2004இல் பொதுத் தெருக்களில் இடறுகற்களுக்கு அனுமதி மறுத்தது. 2015இல் மறுபடி எடுத்துப் பேசி, மறுப்பை உறுதி செய்தது. முன்னின்று எதிர்த்தவர் சார்லோட்டே க்னோப்லோக், அந்நகர யூத சமூகத்தின் தலைவர். 1932இல் பிறந்தவர், சிறுமியாக ஃப்ராங்கோனியக் கிராமம் ஒன்றில் ஒளித்து வைக்கப்பட்டுப் பிழைத்தவர். பூட்ஸ் காலால் மிதிபட்டவர்களை மறுபடி எதற்கு மிதிபட வைக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். மியூனிக்கில் 2018 முதல் பெயர்களைச் சுவரிலும் கம்பத்திலும், நின்று படிக்கிற உயரத்தில் வைக்கிறார்கள். மறுதரப்பிலும் யூதர்கள் இருக்கிறார்கள். தாத்தா பாட்டிக்குக் கல் பதிக்க இஸ்ரேலிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் வருகிறார்கள். கல்லைப் படிக்க வேண்டுமென்றால் குனிந்தாக வேண்டும், அந்தக் குனிவே வணக்கம் என்பது கல் பதிப்பவர்களின் பதில்.

இந்தப் பதில் எனக்குக் கேட்டமாதிரி இருந்தது. நம்மிடமும் இருக்கிறதே. சேர நாட்டு அரசர் குலசேகர ஆழ்வார், திருவேங்கட மலையில் அடியார்கள் ஏறி மிதிக்கிற படியாகக் கிடக்க ஆசைப்பட்டுப் பாடினார். அதனால்தான் பெருமாள் கோயில்களில் கருவறை முன்படிக்குக் குலசேகரன் படி என்று பெயர். கோயில் தரைகளில் கைகூப்பிக் குப்புறக் கிடக்கும் உருவங்களைப் பார்த்திருப்பீர்கள், மிதிபடுவதற்கென்றே செதுக்கிக்கொண்டவர்கள். சடாரியாகத் தலைமேல் ஏறுவதும் பாதம்தான். இழிவான அதே கால், நம்மிடம் திருவடியாகவும் இருக்கிறது. அப்படியானால் பெயர் தரையில் கிடப்பதில் என்ன குறை?

இதை அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "படியா கெடக்கணும்னு ராசாவுக்கு ஆச வரும். ஏற்கெனவே படியா கெடந்தவனக் கேட்டியா?" என்றார்.

க்னோப்லோக் அம்மா சொன்னதும் வேறில்லை. தாழ்ந்து கிடப்பது தவமாவது, நிமிர்ந்து நிற்கவும் வழியிருந்தவனுக்கு மட்டும். எங்கள் வாசல் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. தெரிந்த வாரிசுகளின் சம்மதத்தைக் கேட்கிறார்கள் என்பது ஒரு நியாயம்தான், ஆனால் அவர்கள் வாரிசுகள்.

இதே கேள்வியோடுதான் யூத அருங்காட்சியகத்துக்குப் போனேன். டேனியல் லிபெஸ்கிண்ட் கட்டிய கட்டடம், 2001இல் திறந்தது. அதில் ஆள் உயரத்தைப் போலப் பல மடங்கு உயர்ந்து, ஒன்றுமே வைக்காமல் விட்ட வெற்றிடங்கள் உண்டு. ஒன்றின் தரையில் இஸ்ரேலியச் சிற்பி மெனாஷே கடிஷ்மன் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட இரும்பு முகங்களைப் பரப்பியிருக்கிறார். இரும்புத் தகட்டை வட்டமாக வெட்டி, கண், மூக்கு, திறந்த வாய். அவற்றின்மேல் நடக்கச் சொல்கிறார்கள். நடந்தால் இரும்போடு இரும்பு மோதி அந்த வெற்றிடம் முழுக்கச் சத்தம் எழும். பள்ளிப் பிள்ளைகள் நடந்தார்கள். ஒருவன் குதித்தான், டீச்சர் அதட்டினார். நான் விளிம்பில் நின்றுவிட்டேன். பத்து நிமிடம் நின்றிருப்பேன். என் கால் முகத்தின்மேல் வரமாட்டேன் என்றது, நானும் கட்டாயப்படுத்தவில்லை. மரியாதையானவள் என்று எனக்கு நானே ஒரு மார்க் போட்டுக்கொண்டு திரும்பினேன். ஆனால் யூ-பான் ரயிலில் உட்கார்ந்தபிறகு வேறு மாதிரி தோன்றியது. அந்தச் சத்தத்தை எழுப்பியவர்கள் அந்தப் பிள்ளைகள்தான். தன் எடையால் ஒரு முகம் கத்துவதைக் கேட்டவர்களும் அவர்கள்தான். நான் கேட்டது பிறர் எழுப்பிய சத்தம்.

வீட்டுக்கார அம்மாவிடம் இதைச் சொன்னேன். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா கல்யாணமாகி 1938லேயே இந்த வீட்டுக்கு வந்துவிட்டாராம். கல்லில் பெயருள்ள கீழ் மாடிக் குடும்பத்தைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்: எங்களுக்குத் தெரியாது. "என்ன தெரியாது, அம்மா? மணிப் பலகையில் ஒரு பெயர் இல்லாமல் போனது தெரியாதா?" என்று பதினாறு வயதில் கேட்டு அறை வாங்கினேன் என்றார். அம்மா ஒருவரையும் காட்டிக்கொடுக்கவில்லை, கட்சியில் சேரவில்லை. மாடிப்படியில் அவர்களைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவாராம். "மரியாதையாக" என்று சேர்த்துக்கொண்டார்.

கார்ல் யாஸ்பர்ஸ் படிக்கச் சொன்னதும் அவர்தான். மனைவி யூதர் என்பதால் 1937இல் பேராசிரியர் பதவியை இழந்த தத்துவவாதி. போர் முடிந்த குளிர்காலத்தில் ஹைடல்பெர்க்கில், குற்றம் யாருடையது என்ற கேள்வியை வைத்து உரைகள் நடத்தினார், 1946இல் புத்தகமானது. குற்றத்தை நான்காகப் பிரிக்கிறார். சட்டத்தின் குற்றம் நீதிமன்றத்துக்கு. அரசியல் குற்றம், அந்த அரசின் குடிமக்கள் எல்லாரும் சுமப்பது. அறத்தின் குற்றம் அவரவர் மனசாட்சிக்கு. நான்காவதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஒன்றும் செய்யாமலே, செய்ய முடியாத நிலையில் இருந்தாலும்கூட, இன்னொரு மனிதன் கொல்லப்பட்டபோது நான் உயிரோடிருக்கிறேன் என்பதிலேயே ஒட்டிக்கொள்கிற குற்றம். அதை விசாரிக்கும் உரிமை கடவுளுக்கு மட்டும் என்கிறார்.

படிக்கக் கடினமான ஜெர்மன். பாதி அகராதி, பாதி வீட்டுக்கார அம்மா. ஆனால் நான்காவது குற்றம் மட்டும் எனக்கு உடனே புரிந்தது. தெரியாமல் கால் பட்டாலும் தொட்டுக் கும்பிடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அது புரியாதா? பஸ்ஸில் பக்கத்து ஆளின்மேல் கால் பட்டால், வேண்டுமென்றா செய்தேன் என்று நாம் வாதாடுவதில்லை. கை முதலில் நீளும். எண்ணம் இருந்தால்தான் தவறு என்கிற கணக்குக்கு முன்னாலேயே, பட்டதே போதும் என்று உடம்பு ஒப்புக்கொள்கிறது. இது நம் ஊரின் நல்ல தத்துவம் என்று நினைக்கிறேன். எந்த ஆசாரியனும் உரை எழுதாத தத்துவம். 'தெரியாது' என்பதை அது விடையாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்று மட்டும் உண்டு, அதை வைத்துக்கொண்டே செருப்பையும் கழற்றச் சொன்னார்கள். கால் பட்டதற்குக் கும்பிட்டவர்கள், ஒரு மனிதனைத் தொடாமல் ஒதுங்கியதற்குக் கும்பிட்டதில்லை.

இரண்டாவது வருஷம் ஒன்றைக் கவனித்தேன். ஒருநாள் அவசரமாகக் கிளம்பி எஸ்-பான் ரயிலில் ஏறிய பிறகு, இன்றைக்குக் கல்லைப் பார்த்தேனா என்று யோசித்தால் நினைவே இல்லை. நேற்றும் இல்லை. கால் தானாகவே இடது ஓரம் ஒதுங்கி, நான்கு கற்களையும் சுற்றிக்கொண்டு போகப் பழகிவிட்டது. மிதிப்பதே இல்லை. அதனால் குனிவதும் இல்லை, கண்ணில் ஒற்றிக்கொள்வதும் இல்லை, படிப்பதும் இல்லை. மாடிப்படியில் ஒதுங்கி வழிவிட்ட அந்த அம்மாவைப்போல, மரியாதையாக.

இப்போதும் க்னோப்லோக் சொல்வது தவறென்று நான் சொல்லமாட்டேன். அவர் இடத்தில் என் தாத்தா இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் கல்லைக் கடந்துபோகிற என் கதை வேறு. எனக்கு ஆபத்து மிதிப்பதில் இல்லை, சுற்றிப் போவதில் இருக்கிறது.

நவம்பர் 9. 1938இல் யூதர்களின் தொழுகைக்கூடங்களையும் கடைகளையும் நாடு முழுக்க எரித்து நொறுக்கிய இரவின் நாள். அன்றைக்கு ஜெர்மனி நெடுக ஆட்கள் முட்டிபோட்டு இடறுகற்களைத் துலக்குவார்கள். காலடி பட்டுப் பட்டுப் பித்தளை பளபளக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் வாசலில் அது பலிக்கவில்லை. எல்லாரும் சுற்றித்தான் போகிறார்கள் போல. ஒரு வருஷத்தில் கல் பழுப்பேறி, எழுத்து மங்கிவிடுகிறது. முதல் வருஷம் வீட்டுக்கார அம்மா தனியாகத் துலக்குவதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். இந்த வருஷம் நானும் இறங்கினேன். அவர் கையில் மெட்டல் பாலிஷ் டப்பா. என் கையில் கிண்ணம் நிறைய கரைத்த புளி.

"இதென்ன, சூப்பா?"

"எங்கள் ஊரில் பித்தளை விளக்கை இதைப் போட்டுத்தான் தேய்ப்போம்."

சந்தேகமாகப் பார்த்தார். ஒரு கல்லை என்னிடம் விட்டார், நான்காவதை. இந்தத் தெரு நடைபாதையில் நடுவே பெரிய கருங்கல் பலகைகள். அடிப்பக்கம் உப்பியிருப்பதால் அவற்றுக்குப் பன்றி வயிறு என்று பெயர். இரண்டு ஓரத்திலும் பொடிக்கற்கள். முட்டிக்கு அட்டை போட்டுக்கொண்டு அந்தப் பொடிக்கற்கள்மேல் உட்கார்ந்தேன். ஆயா குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல, கட்டைவிரலால் எழுத்தின் குழிக்குள் புளியைத் திணித்துத் திணித்துத் தேய்த்தேன். சுத்தியால் அடித்த எழுத்து; ஒவ்வொன்றும் ஒரு பள்ளம். முதலில் பிறந்த வருஷம் வெளுத்தது. பிறகு பெயர். தண்ணீர் விட்டுக் கழுவியதும் விரல் மரத்துப்போயிற்று, ஆனால் கல் மற்ற மூன்றைவிடப் பளிச்சென்றிருந்தது. வீட்டுக்கார அம்மா ஒன்றும் சொல்லாமல் பாலிஷ் டப்பாவை மூடிவிட்டுப் புளிக்கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

முடிந்ததும் நான்கு பெயரையும் சத்தமாகப் படிப்பது அவர் வழக்கமாம். என்னைப் படிக்கச் சொன்னார். நான்காவதில் என் 'ற'வைத் திருத்தினார். தொண்டையில் வர வேண்டுமாம். மறுபடி படித்தேன். "சரி" என்றார்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே வரும்போது தபால்பெட்டி முன் நின்றார். செல்லோடேப் ஓரம் உரிந்திருந்தது. நகத்தால் அழுத்தி ஒட்டினார். "இவரைச் சொல்லிக்கொடுங்கள்" என்றார்.

அப்பாவின் பெயரைப் பிரித்துப் பிரித்துச் சொன்னேன். இரண்டு தடவை ஜாமி. மூன்றாவது தடவை, நாக்கை எங்கே வைப்பது என்று வாயைத் திறந்து காட்டிய பிறகு, சாமி சரியாக வந்தது.